தானாக இறங்கும் கால்

ஸ்கேட்போர்டு பழக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் புத்தி, நாலு பேர் நடமாடும் தெருவில் பழகாதீர்கள் என்பதுதான். விழுவதைப் பற்றிச் சொல்லவில்லை. விழுந்தால் தோல் உரியும், சில நாளில் வளர்ந்துவிடும். போகிற வருகிறவர்கள் சொல்லும் யோசனைகளைத்தான் தாங்க முடியாது. விவேக் நகரில் நாங்கள் பழகிய சந்தில் பால் பாக்கெட்டோடு போகிறவர், ஆட்டோ துடைத்துக்கொண்டிருப்பவர், மாடியில் துணி காயப்போடும் அம்மாள் என எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று எனக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் நகர்வார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தப் பலகைமேல் ஏறி நின்றதில்லை. முதுகை நிமிர்த்து என்பார் ஒருவர். மூச்சைப் பிடி என்பார் இன்னொருவர். முதுகை நிமிர்த்தி மூச்சையும் பிடித்துக்கொண்டு போர்டில் ஏறினால் அடுத்த நிமிஷம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் வாணியம்பாடியிலிருந்து வந்து விவேக் நகரில் ஒரு பெண்கள் பி.ஜி.யில் தங்கியிருந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. எங்கோ வெளிநாட்டில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் எங்களுக்கு போன் அடிப்பார்கள். அதை அழுத்துங்கள், இதைத் திறங்கள் என்று சொல்லிச் சரிசெய்ய வேண்டும். மத்தியானத்துக்கு மேல்தான் ஷிப்ட். அதனால் காலைப் பொழுது முழுவதும் எனக்கே எனக்கு. பி.ஜி.யில் மற்றவர்கள் எல்லாம் எட்டு மணிக்கே போய்விடுவார்கள். வெறும் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தால் ஊர் ஞாபகம் வரும், ஊர் ஞாபகம் வந்தால் எரிச்சல் வரும்.

அந்தக் காலையை எனக்குப் பயனுள்ளதாக ஆக்கியவள் கம்பெனியில் என் பக்கத்து இருக்கைக்காரி. அதே விவேக் நகரில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்க வீட்டுப் பெண். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. அவளுடைய அண்ணன் கனடாவுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன ஸ்கேட்போர்டு அவளிடம் இருந்தது. அண்ணன் இருந்த காலத்திலேயே அவனைக் கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொண்டாளாம். எனக்கும் கற்றுத்தருகிறேன் என்று ஒருநாள் கம்பெனி வண்டியில் சொன்னாள். நான் சிரித்தேன். மறுநாள் காலை பி.ஜி. வாசலில் போர்டோடு நின்றாள்.

அங்கிருந்த கிறிஸ்தவக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு முட்டுச் சந்து. புதிதாக சிமென்ட் போட்டிருந்தார்கள். சந்து முனையில் ஒரு மெழுகுவர்த்திக் கடை. அதை நடத்திய அக்காவுக்கு எங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வியாழக்கிழமை மட்டும் நாங்கள் அந்தப் பக்கம் போக மாட்டோம். அன்றைக்கு நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டத்தில் ஜாதி மதம் எதுவும் கிடையாது, கால் வைக்கவும் இடம் கிடையாது. மற்ற நாட்களில் காலை ஒன்பதுக்கு மேல் சந்து எங்களுடையது.

ஆரம்பப் பாடங்கள் எல்லாம் எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டன. தட்டையான அடி உள்ள கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ள வேண்டும். ஓடுவதற்கென்று செய்த தடிமனான ஷூவில் போர்டு எங்கே இருக்கிறது என்று பாதத்துக்கே தெரியாது. முழங்காலை மடக்க வேண்டும். "இந்தியன் டாய்லெட்ல உக்காரப் போறவ பாதியில நின்ன மாதிரி நில்லு" என்று அவள் சொன்ன அன்றுதான் எனக்கு அது பிடிபட்டது. இடுப்பு, சமநிலை என்று பெரிய வார்த்தைகள் சொன்னபோதெல்லாம் என் உடம்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம், கால்களைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். தலை எந்தப் பக்கமோ தோள் அந்தப் பக்கம், தோள் எந்தப் பக்கமோ போர்டு அந்தப் பக்கம். இதெல்லாம் உண்மை. மழைக்காலம் முடிவதற்குள் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தள்ளிக்கொண்டு போய், திருப்பிக்கொண்டு வருகிற அளவுக்குத் தேறிவிட்டேன். கடைக்கார அக்காகூட ஒருநாள் பரவாயில்லையே என்றாள்.

அதற்கு அடுத்ததுதான் ஆலி. கையால் தொடாமல் போர்டோடு சேர்ந்து குதிப்பதற்கு அந்தப் பெயர். பின்னங்காலால் போர்டின் வாலைத் தரையில் தட்ட வேண்டும். முன்பக்கம் எழும்பும்போது முன்னங்காலை அதன்மேல் வழுக்கினாற்போல் முன்னால் கொண்டுபோக வேண்டும். போர்டு காற்றில் மட்டமாகும். இரண்டு காலும் அதன்மேலேயே இருக்க, நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையில் இறங்க வேண்டும். மற்ற வித்தைகள் எல்லாம் இதற்கு மேல்தான் கட்டப்படுகின்றன. இது வராதவருக்கு மற்றது எதுவும் வராது.

எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போனோம். இணையத்தில் வீடியோ பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வந்திருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் ஓடிவந்து, தட்டி, எழும்பி, அந்தரத்தில் நிற்பான். நிற்பான் என்றால் நிற்பான், அவ்வளவுதான். வீடியோ அங்கேயே உறைந்துவிடும். சென்டர்காரர் வந்து மவுஸை நாலு தட்டுத் தட்டிப் பார்த்து, நெட் ஸ்லோ மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். திரும்ப ஆரம்பத்திலிருந்து வைத்தாலும் அதே அந்தரம். எழும்புவதை நான் கரைத்துக் குடித்தேன். இறங்குவதை மட்டும் அந்தப் பையன் எனக்குக் காட்டவே இல்லை.

ஆகவே எழும்பினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு செங்கல்லைத் தாண்டும் அளவுக்குப் போர்டு என் காலோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. கீழே வரும்போதுதான் வினை. என் இடது கால், அதாவது முன்னங்கால், போர்டை விட்டு விலகித் தரையில் போய் ஊன்றிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும். வலது கால் போர்டில், இடது கால் தரையில். போர்டு முன்னால் பாய, நான் பிளந்துகொண்டு உட்காருவேன். ஒருநாள் அப்படி உட்கார்ந்ததில் கையை ஊன்றி மணிக்கட்டு பிசகிவிட்டது. துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் ஹெட்போன் மாட்டினேன்.

கட்டோடு சந்துக்கு வந்த என்னைப் பார்த்ததும் கடைக்கார அக்கா உள்ளே போய் ஒரு மெழுகுக் கையை எடுத்துவந்தாள். அவள் கடையில் அதெல்லாம் வரிசையாக இருக்கும். கையில் கோளாறு என்றால் மெழுகில் கை, காலில் என்றால் கால், வீடு வேண்டுமென்றால் வீடு. வாங்கிக் கோயிலில் வைப்பார்கள். நான் இந்துதான், இருந்தாலும் மறுக்கவில்லை. கையை வாங்கிக்கொண்டு, தானாக இறங்குகிற காலுக்கு என்ன வைப்பது அக்கா என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வெச்சிக்கினு இருந்தா சாமி எந்தக் காலப் பாக்கும்?" என்றாள். தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கால வைக்காதே, கால வைக்காதே என்று தோழி கத்திக்கொண்டே இருப்பாள். பயப்படாதே என்பாள். பயமே இல்லை என்பேன் நான். அது பொய்யும் இல்லை. குதிக்கும்போது எனக்குப் பயம் தோன்றியதே இல்லை. கால் என்னைக் கேட்காமல் இறங்கிவிடும். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் கால், நான் சொல்வதைக் கேட்காதா? அந்தக் கோபத்தில், யோசனை சொல்ல வந்த ஆட்டோக்காரருக்கு ஒருநாள் நானே ஒரு யோசனை சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்தால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதம் அவளுக்குக் கனடாவில் கிளையண்டிடம் போகும்படி உத்தரவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு. அண்ணன் இருக்கும் ஊருக்குப் பக்கத்து ஊர். வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். போர்டையும் எடுத்துக்கொண்டு வா என்று அண்ணன் சொல்லியிருந்தான், அவனுடையதுதானே. வண்டியில் போகும்போது இதைச் சாதாரணமாகச் சொன்னாள். நானும் சாதாரணமாக, கங்கிராட்ஸ் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஊரில் எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். இதை அவளிடம் சொல்வதற்குப் பதிலாக, நீ போவதற்குள் ஆலி போட்டுக் காட்டுகிறேன் பார் என்றேன். இந்தப் போர்டும் இவளும் போன பிறகு நான் வேறொரு போர்டை வாங்கி, வேறொரு தெருவில் போய்த் தனியாக நிற்கப்போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது வந்தால் வந்தது, இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை.

கால் ஏன் இறங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குக் குளிர் உடுப்பு வாங்க சிவாஜி நகருக்கு பஸ்ஸில் போனோம். நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் சிக்னலுக்காக பஸ் வேகம் குறைந்தது. பஸ் நிற்பதற்குள் நான் இறங்கிவிட்டேன். அவள் படிக்கட்டிலேயே நின்று என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, பஸ் நின்ற பிறகு இறங்கி ஓடிவந்தாள். நடுரோட்டில் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏய், நீ போர்டு ஓட்டலடி. பஸ்ஸு எறங்கற!"

முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் நடைபாதையில் ஏறி நடித்துக் காட்டினாள். இடது கால் முதலில் கீழே, உடம்பு பின்னால் சாய்ந்து, பிறகு வண்டி போகும் பக்கமே சில எட்டு ஓட்டம். வாணியம்பாடியில் கல்லூரிக்குப் போன வருஷங்களில் எங்கள் நிறுத்தத்தில் பஸ் முழுதாக நின்றதே இல்லை. டிரைவர் மனசு வைத்து வேகத்தைக் குறைப்பார். அந்த இடைவெளியில் நாம் இறங்கிக்கொள்ள வேண்டும். வலது காலை முதலில் வைத்தவர்கள் விழுந்து எழுந்ததைக் கண்ணால் பார்த்து, இடது காலை முதலில் வைக்கக் கற்றவள் நான். இத்தனை வருஷமும் என்னைக் காப்பாற்றிய கால் அது. காலடியில் எது ஓடினாலும், அது வேகம் குறைந்து தரையைத் தொடப்போகிறது என்று தெரிந்ததுமே, என் நிறுத்தம் வந்துவிட்டதென்று அது இறங்கிவிடுகிறது. பயமில்லை என்று நான் சொன்னது சரிதான். பழக்கம். இவளோ பிறந்ததிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போனவள், ஓடுகிற பஸ்ஸில் இறங்கத் தெரியாது.

காரணம் தெரிந்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. மறுநாளும் கால் இறங்கியது. கால வைக்காதே என்று அவள் கத்த, எனக்குள் ஏதோ ஒன்று உறைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, கஸ்டமரிடம் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லாதே என்பதுதான். நீல வயரைப் பிடுங்காதீர்கள் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் நீல வயரைப் பிடுங்கியிருப்பார். எதைத் தொட வேண்டுமோ அதை மட்டும் சொல்ல வேண்டும். தினமும் எட்டு மணி நேரம் ஊருக்கு உபதேசம் செய்கிறவள், என் காலுக்கு மட்டும் வைக்காதே வைக்காதே என்று அவளைச் சொல்ல விட்டிருக்கிறேன். "எங்க வெக்கக் கூடாதுன்னு சொல்லாத, எங்க வெக்கணும்னு சொல்லு" என்றேன் அவளிடம்.

அவள் போர்டைத் திருப்பிப் பார்த்தாள். சக்கரங்களைப் பலகையோடு பூட்டியிருக்கும் ஸ்குரூக்களின் தலை மேல்பக்கம் தெரியும், முன்னால் நாலு, பின்னால் நாலு. முன்னால் இருக்கும் நாலையும் மறைக்கிற மாதிரி முன்னங்காலை வை என்றாள். அதுதான் பலகையிலேயே பலமான இடம், அங்கே இறங்கினால் போர்டு பாயவும் பாயாது, முறியவும் முறியாது. இதை அவளுடைய அண்ணன் அவளுக்குச் சொன்னானாம், மறந்தே போய்விட்டாளாம். இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று பல்லைக் கடித்தேன்.

அன்றிலிருந்து சந்தில் ஒரே சத்தம்தான். நான் குதிக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் "ஸ்குரூ!" என்று கத்துவாள். மாடி அம்மாள், ஏதாவது கழன்று விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பாள். முதலில் மண்டபத்தின் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதித்தேன். கை கம்பியில் இருக்கும்போது காலுக்குத் தரை தேவைப்படவில்லை. ஸ்குரூமேல் இறங்கியது. பிறகு ஒரு கையை விட்டேன். பிறகு இரண்டையும் விட்டேன். நின்ற இடத்தில், இரண்டு காலும் போர்டின்மேல். யாராவது பழகுவதாக இருந்தால் இப்படித்தான் பழக வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். கையில் ஒரு பிடிமானம் கொடுத்துவிட்டுக் காலுக்கு வேலை கற்றுக்கொடுங்கள். வந்த பிறகு பிடிமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுங்கள்.

ஆனால் போர்டு ஓடும்போது மட்டும் வரவில்லை. மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து குதித்தால், பழைய கால் பழையபடி இறங்கியது. நாட்கள் போய்க்கொண்டே இருந்தன.

அவள் கிளம்பும் நாளும் வந்தது. மாலையில் விமானம். காலையில் போர்டோடு வந்தாள். வீட்டில் சொந்தக்காரர்கள் நிரம்பியிருக்கிறார்கள், ஒன்பதரைக்குள் திரும்ப வேண்டும், போர்டைப் பெட்டியில் கட்ட வேண்டும் என்றாள். கடைக்கார அக்காவிடம் மெழுகுவர்த்தி வந்த நீளமான அட்டைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வைத்திருந்தாள். நான் போர்டை வாங்கி ஓட்ட ஆரம்பித்தேன். குதித்தேன், கால் இறங்கியது. திரும்ப வந்தேன், குதித்தேன், இறங்கியது. அவள் ஸ்குரூ என்று கத்திக் கத்தி, பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது.

போர்டை அப்படியே நிறுத்திவிட்டு, "போறவ போ. எனக்கு வந்தா என்ன, வராட்டி உனக்கென்ன?" என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கையிலிருந்த டேப் சுருளின் முனையை நகத்தால் தேடிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இது வந்துட்டா நான் போயிடுவேன்னுதானே எறங்கிக்கினே இருக்கற? வரலன்னாலும் போவேன்டி. டிக்கெட் எடுத்தாச்சு."

சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் திரும்பிக் குந்தி உட்கார்ந்து, பெட்டியின் அடிப்பக்கத்தை ஒட்ட ஆரம்பித்தாள். டேப்பைக் கிழிக்கும் சத்தம் மட்டும் சந்தில் கேட்டது. நான் போர்டின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது முழுக்க உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. பாதியாவது உண்மை. காலையில் எழுந்து ஷூ மாட்டும்போதே, இன்றைக்கும் வரக் கூடாது என்று உள்ளே ஒரு மூலையில் நினைத்தேனோ என்னவோ. வராமல் இருக்கும்வரை எங்களுக்குள் ஏதோ முடியாமல் மிச்சம் இருக்கும்.

வந்தாலும் போவாள், வராவிட்டாலும் போவாள். அதை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சந்தின் உள்முனைவரை போய்த் திரும்பினேன். மெதுவாகத் தள்ளினேன். கடைப் பலகையில் வெயில் விழுந்திருந்தது. அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முழங்காலை மடக்கினேன், தட்டினேன்.

காலுக்குக் கீழே தரை இல்லை, போர்டு இருந்தது. அது ஓடிக்கொண்டே இருந்தது, நானும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. அதுதான் விசித்திரம். இத்தனை மாதமும் ஒவ்வொரு குதிப்புக்குப் பிறகும் ஏதாவது நடந்திருந்தது.

அவள் திரும்பவில்லை. முதுகு என் பக்கம். டேப்பைப் பிடித்த கை மட்டும் நின்றுவிட்டது.

"ரெண்டு காலும்," என்றாள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சத்தம் என்றாள். இதுவரை எப்போதும் இரண்டு சத்தம் வரும், முதலில் செருப்படி மாதிரி கால், அப்புறம் சக்கரம். இப்போது ஒரே சத்தம் வந்ததாம். நான் குதித்ததை எல்லாம் அவள் கண்ணால் பார்த்ததோடு விடாமல் காதாலும் எண்ணியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் அழுதேன், சந்தில், ஆட்டோக்காரர் பார்க்க.

இன்னொரு தடவை செய்து காட்டு, இப்போது திரும்பிப் பார்க்கிறேன் என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. வேண்டாம், உனக்கு நேரமாகிறது என்றேன். நான்தான் போர்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்தேன். என் கை பட்டுச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவை நிற்கிறவரை இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மூடி ஒட்டினோம்.